மாமி எடுத்த பச்சை ஜீப்

எங்கள் ஊர்ப்பக்கத்தில் தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்து நிற்கும் எந்த வாகனத்துக்கும் ஜீப் என்றுதான் பெயர். ஜெர்மன்காரன் செய்ததா, ஜப்பான்காரன் செய்ததா, இருக்கையில் போட்டிருப்பது தோலா றெக்சினா என்ற வித்தியாசங்களைக் கல்முனைப் பிரதான வீதி பொருட்படுத்துவதில்லை. என்னால் அப்படி இருக்க முடியாது. கட்டாரில் விலைகூடிய ஜீப்புகள் விற்கும் ஒரு காட்சியறையில் நீண்ட காலம் வேலை செய்தவன் நான். வாங்கியவரிடம் திறப்பைக் கொடுப்பதற்கு முன்னால் வண்டியைக் கடைசியாகப் பார்த்துக் குறை பிடிப்பது என் வேலை.

கதவுக்கும் உடம்புக்கும் இடையே ஓடுகிற கோடு மேலும் கீழும் ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டுக் காதைக் கொடுப்பேன். நல்ல கதவு தலையணையில் குத்தினாற்போல ஒரே ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். மட்டமான கதவு சாத்திய பிறகும் உள்ளுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இருக்கையின் தையல், கண்ணாடி ஏறி இறங்கும் வேகம், பூச்சின் கீழே அகப்பட்ட தூசி என்று பார்த்துப் பார்த்து அது என் சுபாவமாகவே ஆகிவிட்டது. விருந்துக்குப் போன வீட்டில் அலுமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்து மனைவியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பி டயரும் பற்றரியும் விற்கும் கடை போட்ட பிறகு, ஜீப் எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் அபிப்பிராயம் கேட்டு வரத் தொடங்கினார்கள். நான் சொல்வது அவர்களுக்கு அநேகமாகப் பிடிப்பதில்லை. இப்போது வருகிற பெரிய ஜீப்புகளில் பாதி, யாரோடோ கோபித்துக்கொண்டு நிற்கிற முகத்தோடு வருகின்றன. முன்கிரில் ஒவ்வொரு மொடலுக்கும் பெருத்துக்கொண்டே போகிறது. எதிரே வருகிற ஓட்டோவை அப்படியே விழுங்கிவிடும் போல இருக்கும். உள்ளே பளபளக்கிற கறுப்புப் பிளாஸ்ரிக்கை ஒட்டிவிடுகிறார்கள். காட்சியறை வெளிச்சத்தில் அது கண்ணாடி போல மின்னும். கடற்கரைத் தூசியில் நாலைந்து முறை துடைத்தால் பூனை பிறாண்டியது போல ஆகிவிடும். விசைகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு திரைக்குள் போட்டிருக்கிறார்கள். குளிரைக் குறைக்கக்கூடப் பாதையிலிருந்து கண்ணை எடுத்து, தேடித் தட்ட வேண்டும். இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும், "நீங்க எல்லாத்திலயும் பிழை புடிக்கிற ஆள் காக்கா" என்று, அண்ணனைக் கூப்பிடுகிற உரிமையோடு சிரித்துவிட்டு, தங்களுக்குப் பிடித்ததையே எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனபடியால், அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதியை மறுபடி திறந்துவிட்ட காலத்தில் என் மாமி தனக்கொரு ஜீப் வேண்டும் என்று சொன்னபோது, அது பகிடி என்றுதான் நினைத்தேன்.

மாமி என்றால் என் மனைவியின் உம்மா. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, மாமாவும் மாமியும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். கிணறு ஒன்று, கேற்றும் ஒன்று. இருந்தும் மாமி என்னோடு நேராகக் கதைப்பது அபூர்வம். நான் விறாந்தையில் இருந்தால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின்வழியால் போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வார், நான் அடுத்த கதிரையில் இருந்தாலும். "மருமகன் தேத்தண்ணி குடிச்சிட்டாராமா?" என்று கேட்பார். நானும் "ஓமெண்டு சொல்லுங்க" என்று மனைவியைப் பார்த்துச் சொல்வேன். இது மரியாதை. இதில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

மாமாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல்களும் ஒரு நெல் ஆலையும் இருந்தன. சதுரமான பழைய டீசல் ஜீப் ஒன்று வைத்திருந்தார். முன் இருக்கையில் அவரும் வயற்காரரும் போவார்கள். மாமி பின்னால், உரப்பைகளோடு இருப்பார். மாமா மௌத்தாகி, கணவனை இழந்த மாமி வீட்டை விட்டு வெளியே போகாமல் இத்தா இருந்த நாட்களில் மூத்த மகன் அந்த ஜீப்பை யாருக்கோ கொடுத்துவிட்டார். பழசு, டீசல் குடிக்கிறது, நின்றால் கறல் பிடிக்கும் என்றார். சொன்னது எல்லாம் சரி. மாமியிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு மாமி வயல்களையும் ஆலையையும் போனிலேயே நடத்தத் தொடங்கினார். போகவேண்டி வந்தால் ஓட்டோ பிடித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, குசினி வாசலில் நின்றுகொண்டு அவர் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"மருமகனிட்டச் சொல்லு புள்ள, எனக்கு ஒரு ஜீப் எடுக்கணும். நல்ல ஜீப். ஆக நல்லது."

"ஒங்களுக்கு என்னத்துக்கும்மா ஜீப்?"

"வாப்பாக்கு என்னத்துக்கு இருந்திச்சோ, அதுக்குத்தான்."

காசு மாமியுடையது. ஊர் எல்லையில் அவர் பெயரில் இருந்த ஒரு வளவை விற்கப்போகிறார் என்பதற்கு மேல் நான் கேட்கவில்லை.

விஷயம் கொழும்பில் புடவை வியாபாரம் செய்கிற அந்த மூத்த மகனுக்கு, அதாவது என் மூத்த மச்சானுக்குப் போனது. அவர் அடுத்த லீவுக்கே தன்னுடைய கறுப்பு ஜீப்பைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். உம்மா எடுத்தால் இதே மாதிரித்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அக்கம்பக்கத்தவர் வந்து சுற்றி நின்றார்கள். பெரிய கிரில், அகன்ற ரிம், பக்கவாட்டில் மீன் செவுள் போல வெட்டுகள், பின்னால் இரண்டு பெரிய குரோம் புகைக்குழாய்கள். நான் விறாந்தையில் இருந்து பார்த்தேன்.

மாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். செவுள் போல இருந்த இடத்தில் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை.

"இது என்ன மகன், அடச்சிக் கிடக்கு?"

"அது சும்மா ஸ்டைலுக்கும்மா."

"காத்துப் போகாதா?"

"இல்ல."

மாமி பின்பக்கம் போய்க் குனிந்தார். குரோம் குழாய் இரண்டும் பம்பரோடு ஒட்டிய வெறும் பிளாஸ்ரிக். உண்மையான குழாய் மெலிந்துபோய்க் கீழே மறைந்து கிடந்தது.

"இதும் அப்படித்தானா?"

"ஓம்மா. இப்ப எல்லாத்திலயும் அப்படித்தான்."

"அப்ப இதுல எதுதான் மகன் மெய்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். "மச்சான்தான் சொல்லிக் குடுத்திருக்கார்" என்று முற்றத்தில் மச்சான் என்னைப் பற்றி முறையிடுவது கேட்டது. அல்லாஹ் அறிய நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதுப் பொடியன்களுக்கும் பெரிய முதலாளிமாருக்கும் விளங்கவைக்க முடியாத ஒன்றை அவர் விரலை விட்டே கண்டுபிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு நாங்கள் மூவரும் எங்கள் சின்னக் காரில் கொழும்புக்குப் போனோம். நான் ஓட்டினேன். மனைவியும் மாமியும் பின்னால் இருந்தார்கள். மகியங்கனையின் வளைவுகளில் மாமி கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார். மச்சான் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் ஜீப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலாவது இடத்தில் இருந்தது மச்சானுடையதைவிடப் பெரியது. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் திரையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு நிறமாக விளக்கெரியச் செய்து காட்டினார். மாமி அதைப் பார்க்கவேயில்லை. முன் இருக்கையில் கொஞ்ச நேரம், நடு இருக்கையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மூன்றாம் வரிசைக்கு ஏறத் தொடங்கினார்.

"அது சின்னப் பிள்ளைகளுக்கு, மேடம்" என்றார் விற்பனையாளர்.

மாமி கேட்கவில்லை. ஏறி, முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்துகொண்டு, கையால் பக்கத்துப் பிளாஸ்ரிக்கைத் தட்டிப் பார்த்தார். வெற்றுப் பெட்டி போலச் சத்தம் வந்தது. முன்னால் தோலும் மரமும். பின்னால் வரவரப் பிளாஸ்ரிக். கட்டாரிலும் இதை எத்தனையோ வண்டிகளில் கண்டிருக்கிறேன். வாங்குகிறவன் முன்னால்தான் இருப்பான் என்று செய்கிறவனுக்குத் தெரியும்.

"புள்ள, இந்தத் தம்பிக்கிட்டச் சொல்லு" என்று மாமி உள்ளே இருந்தபடியே மகளிடம் சொன்னார். "நான் நாப்பது வருசம் பின்னுக்கு இருந்து வந்தவ. பின்னுக்கு இரிக்கிறவங்களை நினைச்சிச் செஞ்சாங்களா எண்டுதான் நான் பாப்பன். இதுல நினைக்கல்ல."

இரண்டாவது இடத்தில் ஒரு சாம்பல் நிற ஜீப். அதைக் கண்டதும் எனக்கு என் பழைய வேலைக்குத் திரும்பியது போல இருந்தது. விரலை எங்கே ஓட்டினாலும் கோடு ஒரே அகலம். தையலில் ஒரு கண் தப்பவில்லை. கூரைத் துணி கண்ணாடியோடு சேருகிற மூலையைக்கூட ஒழுங்காக மடித்திருந்தார்கள். பொனட்டைத் திறந்து பார்த்தேன், குனிந்து அடியில் பார்த்தேன். உப்புக்காற்றுக்குத் தாங்குகிற மாதிரிப் பூச்சும் பிடித்திருந்தது. கதவை முழுதாகச் சாத்த வேண்டியதில்லை. பக்கத்தில் கொண்டுபோனால் அதுவே இழுத்துச் சாத்திக்கொள்ளும். மாமி அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். இதுதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டு, "உம்மாக்குச் சொல்லுங்க, இதுல நான் ஒரு பிழையும் காணல்ல" என்றேன்.

மாமி நேராக என்னைப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இரிக்கி, மருமகன். ஆனா பெரியாசுப்பத்திரிக்குள்ள வந்து இருந்த மாதிரி இரிக்கி."

நடுவில் மகள் இல்லாமல் அவர் எனக்கென்று சொன்ன ஒரு முழு வசனம் அது. மனைவியும் அதைக் கவனித்தாள். யாரும் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. நான் "ஓம் மாமி" என்றேன்.

மூன்றாவது இடத்தில், நாங்கள் பார்க்க வந்த வண்டிக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு பச்சை ஜீப் நின்றது. யாரோ ஒருவர் எடுத்துக் கொஞ்ச நாள் ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. இங்கிலாந்தில் செய்தது. கடும்பச்சை. நீளமான உடம்பில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடு. இடையில் ஒரு வெட்டு இல்லை, ஒரு குரோம் பட்டி இல்லை. கைப்பிடிகள்கூடக் கதவோடு கதவாக உள்ளே போய்விட்டிருந்தன. மாமி பார்க்க வந்த வண்டியை விட்டுவிட்டு அதன் பக்கம் நடந்தார்.

"இது குடலைக்கு வந்த வெள்ளாமைட நிறம்" என்றார். கதிர் வெளியே வருவதற்கு முன்னால் பயிர் கறுத்துப் பச்சையாக நிற்குமே, அந்த நிறம். பிறகு முன்னால் போய் நின்று பார்த்தார். "கோவிக்கிற முகம் இல்ல. சும்மா நிக்கிது."

விற்பனையாளர் கதவைத் திறந்தார். உள்ளே இருக்கை எல்லாம் பால் நிறத் தோல்.

நான் என் வேலையைத் தொடங்கினேன். இப்போது நேராகவே கதைத்தேன். "மாமி, இந்தத் தோல் நம்மட ஊருக்குச் சரிவராது. வயலுக்குப் போய் வந்தா ஒரு போகத்துல மண் நிறமாகிடும். இந்தக் கைப்பிடிக்குள்ள கடல் மணல் போனா வெளிய வராது. டயர்ர கன்னம் மெல்லிசு, நம்மட உள்ரோட்டுப் பள்ளத்துல விழுந்தா ரிம் அடிபடும். அதோட பாருங்க, இடப்பக்கப் பின்கதவுட கோடு கீழ ஒரு நூல் அகலம்."

ஒவ்வொன்றுக்கும் மாமி "ஓம்" என்றார். கையை வைத்துக் காட்டிய இடத்தையெல்லாம் பார்த்தார். நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரி, மருமகன். எண்ட ஹயாத்துல நான் வாங்கின சாமான் எல்லாம் உழைக்கிற சாமான். சட்டி, பானை, தையல் மெசின், ஆலைக்குப் பெல்ட். வடிவுக்கெண்டு நான் ஒண்டும் வாங்கல்ல. இது ஒண்டு வடிவா இருந்துட்டுப் போகட்டும்."

நான் இரண்டடி பின்னால் போய் நின்று அந்த ஜீப்பை மறுபடி பார்த்தேன். எத்தனையோ வண்டிகளை நான் கிட்ட நின்றே பார்த்துவந்தவன். தூர நின்று பார்க்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. தூரத்திலிருந்து அது உண்மையிலேயே வடிவாக இருந்தது. நான் சொன்ன குறைகளும் உண்மைதான். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொள்ளவில்லை.

ஜீப் ஊருக்கு வந்தது. மாமி இருக்கைகளுக்கு உறை போட விடவில்லை. "போத்தி வைக்கிறத்துக்கா வாங்கினன்?" என்றார். நான் ஓட்ட, அவர் முன் இருக்கையில் இருந்து வயலுக்குப் போய் வந்தோம். மாமா இருந்த காலத்து முறை அத்தோடு மாறிவிட்டது. அந்தப் பயணங்களில்தான் நாங்கள் கதைக்கப் பழகினோம். பெரும்பாலும் ஜீப்பைப் பற்றித்தான். எதிரே வருகிற ஒவ்வொரு ஜீப்பையும் காட்டி "அது எப்படி மருமகன்?" என்று கேட்பார். நான் சொன்னால், ஒத்துக்கொள்ள மாட்டார்.

வந்த புதிதில் ஒரு சத்தம் கேட்டது. பாதையிலுள்ள கிடங்கில் இறங்கி ஏறும்போதெல்லாம் இடப்பக்கத்தில் கிலுகிலு என்று ஒரு மெல்லிய ஒலி. இந்த விலையில் இப்படிச் சத்தம் வரக்கூடாது. நான் சொன்ன அந்த நூல் அகலக் கோடுதான் காரணம் என்று எனக்கு நிச்சயம். பின்கதவின் உள்பலகையைக் கழற்றினேன். கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ரப்பரை மாற்றினேன். சத்தம் போகவில்லை. உள்பலகையை இரண்டாம் முறை கழற்ற ஆயத்தமானபோது மாமி தன் பக்க முன்கதவுப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்தார்.

"இது ஆடிச் சத்தம் போடுமா, மருமகன்?"

அவருடைய தஸ்பீஹ் மாலை. கறுப்புக் கல் மணிகள் அடியிலுள்ள பிளாஸ்ரிக்கில் உரசி ஒலித்திருக்கின்றன. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "மேல தோல் போட்டவன் பைக்குள்ள ஒரு துணி ஒட்டியிருக்கணும் மாமி, அது அவன்ட பிழைதான்" என்றேன். அவர் அன்று பின்னேரமே தையல் மெசினில் ஒரு வெல்வெட் துண்டை அளவெடுத்துத் தைத்து அந்தப் பைக்குள் போட்டார். பிறகு நாலு கதவுக்கும் தைத்தார்.

அறுவடை முடிந்திருந்த ஒரு நாள், வயலுக்குள் போகிற கிறவல் பாதையில் வரும்போது, "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன். இறங்கிச் சுற்றி வந்து என் பக்கக் கதவருகில் நின்றார்.

"இறங்குங்க, மருமகன்."

ஏன் என்று கேட்காமல் இறங்கினேன். மாமி ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னால் இழுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், பிறேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்தார். நான் மற்றப் பக்கம் ஏறுவதற்குள் கியரைப் போட்டுவிட்டார். ஜீப் ஆடாமல் அசையாமல் கிளம்பியது. இரண்டு பக்கமும் அரிதாள் நின்ற வயல். நடுவில் அந்த ஒடுங்கிய பாதையில் மாமி ஒரு கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓட்டினார்.

"எங்க மாமி பழகினீங்க?"

"அவர்தான் பழக்கினார், கலியாணம் முடிச்ச புதிசில. அந்தப் பழைய ஜீப்புல. வட்டைக்குள்ள மட்டும்." வட்டை என்றால் வயல்வெளி. "தார் றோட்டு தொடங்குற இடத்துல நிப்பாட்டி மாறிக்குவம். ஆக்கள் கண்டா ஏதும் சொல்லுவாங்க எண்டு அவருக்குப் பயம். நல்ல மனிசன். பயந்த மனிசன்."

"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"ஆரு கேட்டாங்க?"

கிறவல் முடிந்து தார் தொடங்குகிற இடம் வந்தது. மாமி தானாகவே நிறுத்தினார். ஆனால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "லைசன் எடுக்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

எடுத்தார். மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, ஓட்டிக் காட்டுவது எல்லாவற்றுக்கும் போனார். எழுத்துப் பரீட்சைக்குப் பேத்தியோடு இருந்து பாடமாக்கினார். செய்தி கொழும்புக்குப் போக, மச்சான் போனில் கத்தினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"இந்த வயசில நீங்க றோட்டுல ஓடினா ஊர் என்னம்மா சொல்லும்?"

"ஊர் முதல்ல ஜீப்பைத்தான் மகன் பாக்கும். அதைப் பாத்து முடிச்சி என்னைப் பாக்கக்குள்ள நான் போயிருப்பன்."

ஊர் கொஞ்சம் சொல்லத்தான் செய்தது. பள்ளிவாசலுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் என்னிடம் ஜாடையாகக் கேட்டார். நான் அந்த ஜீப்பின் பிறேக் எவ்வளவு நல்லது என்று நீளமாக விளங்கப்படுத்தினேன். அவர் பிறகு கேட்கவில்லை.

மாமி முதலில் ஓட்டிப் போனது பாண்டிருப்புக்கு. நான் பின்னால் இருந்தேன். அங்கே அவரோடு ஒன்றாகப் படித்த சினேகிதி இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தமிழ்ப் பெண். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே குழப்பம் இருந்த காலங்களில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல், சந்தையில் கண்டு கதைத்தே அந்தச் சினேகிதத்தைக் காப்பாற்றி வந்தவர்கள். அவருக்கு இப்போது முழங்கால் வருத்தம். கேற்றடியில் வந்து நின்று ஜீப்பின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏறேலாதுகா" என்றார்.

மாமி உள்ளே ஒரு விசையைத் தட்டினார். ஜீப் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு தரையை நோக்கிப் பதிந்தது.

"ஏறுகா. ஒனக்காகத்தான் குனியுது."

விலைகூடிய ஜீப்புகளில் உள்ள அந்த வசதியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. வண்டியைத் தாங்குகிற காற்றுப்பை பழுதானால் செலவு, இங்கே சாமான் கிடையாது என்றுதான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். அன்று அந்த ரீச்சர், சீலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்ததைப் பின் இருக்கையில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் காற்றுப்பையைப் பற்றி நான் குறைவாகவே கதைக்கிறேன்.

இருவரும் முன்னால் இருந்து கதைத்துக்கொண்டே கல்முனையைத் தாண்டி, காரைதீவைத் தாண்டி, ஒலுவில் துறைமுகம் வரை ஓட்டினார்கள். அந்தக் கதைக்குள் எனக்கு வேலை இருக்கவில்லை. படகுகள் அப்போதுதான் வந்திருந்தன. பாரைமீன் வாங்கினார்கள், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு. திரும்பி வருகிற வழியில் பெட்டி வெடித்து, மீன்தண்ணீர் பின்பக்கக் கம்பளத்தில் ஊறியது. பால் நிறக் கம்பளம். தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்தேன், வெயிலில் திறந்து வைத்தேன். வாடை போக நாள் எடுத்தது. மாமி ஒரு நாள் மணந்து பார்த்துவிட்டு, "இப்பதான் நம்மட ஊர் ஜீப்" என்றார்.

நான் முன்கூட்டிச் சொன்ன மற்றவையும் நடந்தன. கைப்பிடிக்குள் மணல் போய் ஒரு நாள் அது வெளியே வரவில்லை. மாமி பெயின்ற் அடிக்கிற சின்னத் தூரிகை ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பின்னேரமும் துடைக்கிறார். சாரதி இருக்கையின் ஓரம் மண் நிறமாகிவிட்டது. ஒரு ரிம் அடிபட்டுத் தட்டி எடுத்தோம். ஆனால் பூச்சு அப்படியே இருக்கிறது. கதவுகள் இன்றும் ஒரே சத்தத்தில் அடங்குகின்றன. அந்த நூல் அகலக் கோடு அகலவில்லை.

போன மாதம் மச்சான் ஊருக்கு வந்திருந்தார், பஸ்ஸில். அவருடைய கறுப்பு ஜீப்பின் திரை செத்துப்போனதாம். திரை இல்லாமல் குளிரும் போடமுடியாது, ஒன்றும் செய்யமுடியாது. சாமான் வரும்வரை கராஜில் நிற்கிறது. நான் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பிப் போகிற அன்று, அம்பாறையில் பஸ் எடுக்க வேண்டியிருந்தது.

"நான் கொண்டுவந்து விடுறன்" என்றார் மாமி.

"மச்சான் ஓட்டட்டும்மா" என்று அவர் என்னைக் காட்டினார்.

"எனக்குக் கை வலி" என்றேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

மச்சான் முன்னால் ஏறினார். பட்டியை இறுக்கிப் போட்டு, மேலே உள்ள பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டார். சாய்ந்தமருதில் ஒரு ஓட்டோ குறுக்கே வந்தபோது அவருடைய கால், அங்கே இல்லாத பிறேக்கை மிதித்தது. மாமி ஏற்கனவே மிதித்திருந்தார். காரைதீவுச் சந்தியில் திரும்பி அம்பாறை வீதியில் ஏறினோம். மாவடிப்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். மச்சான் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தார். வியாபாரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு குரல் தேய்ந்தது. சம்மாந்துறை வருவதற்குள் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்துவிட்டது.

மாமி றேடியோவை நிறுத்தினார். பின்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"நித்திரையா?"

"ஓம் மாமி. நல்ல நித்திரை."

"பாவம், கடையும் கண்ணியுமா அலைஞ்சி களைச்சிப் போயிரிக்கான்." அவர் வேகத்தைக் குறைத்தார். "மெல்லமாப் போவம் மருமகன். இந்த பஸ் போனா அடுத்தது வரும்தானே."

அந்த பஸ் போய்விட்டது. மச்சானை எழுப்பியபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அம்பாறைக்கு வந்துவிட்டோமா என்று கேட்டார். அடுத்த பஸ் வரும்வரை மூவரும் ஜீப்புக்குள்ளேயே இருந்து, மாமி கட்டிக்கொண்டு வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.